பேனிக் அட்டாக்: "ஒன்றுமில்லை" என்கிறார்கள், அப்புறம் ஏன் வருகிறது?

நன்றாக இருந்த ஆளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. ஹார்ட் அட்டாக்தான், உயிர் போகப்போகிறது என்று மனசு அடித்துச் சொல்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடினால் இசிஜி சரியாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் சரி. "உங்களுக்கு ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பாதி நிம்மதி, பாதி அவமானம். ஒன்றுமில்லையென்றால் கொஞ்ச நேரம் முன்னால் நடந்தது என்ன?

இதயத்தில் ஒன்றுமில்லை என்பது சரிதான். உடம்பில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் தவறு. அந்தச் சில நிமிஷங்களில் மூளைத்தண்டு, நரம்புகள், அட்ரினல் சுரப்பி, நுரையீரல், ரத்தத்தின் வேதியியல் எல்லாமே மாறுகின்றன. யாரும் கற்பனை செய்துகொண்டு நடுங்குவதில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். ஒரு தடவை பேனிக் அட்டாக் வந்துவிட்டால் அது பீதி நோய் ஆகிவிடாது. தூக்கம் கெட்ட, மன உளைச்சல் மிகுந்த ஒரு வாரத்தில் யாருக்கும் ஒன்று வரலாம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறை இப்படி: 13 அறிகுறிகள் கொண்ட பட்டியலில் குறைந்தது 4 ஒன்றாகச் சேர்ந்து, சில நிமிஷங்களுக்குள் உச்சத்துக்குப் போனால் அது பேனிக் அட்டாக். அது காரணமே தெரியாமல் மறுபடி மறுபடி வந்து, "அடுத்தது எப்போது வருமோ" என்ற கவலையோ, அதற்குப் பயந்து வெளியே போகாமல் இருப்பது போன்ற மாற்றமோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது பீதி நோய். பெரும்பாலும் இருபதுகளில் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம்.

இந்த வரையறைக்குள்ளேயே இரண்டு சமாச்சாரங்கள் இருப்பதைக் கவனியுங்கள். அட்டாக் ஒன்று. அது வருமோ என்று காத்திருக்கும் பயம் இன்னொன்று. இரண்டையும் "பயம்" என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் மூளையில் இரண்டுக்கும் வழி வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

ஓட வேண்டிய நேரத்துக்கான உடம்பு

ஒரு லாரி உங்கள் மேல் ஏற வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் உடம்பு தயாராகிவிடும். மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா ஆபத்து என்று சைகை கொடுக்க, ஹைப்போதலாமஸும் மூளைத்தண்டின் சில பகுதிகளும் ஆபத்து நேரத்தில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலத்தைத் தட்டி எழுப்புகின்றன. அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகளுக்கு அதிக ரத்தம் போக வேண்டும் அல்லவா. மூச்சு வேகமாகிறது. உடம்பு சூடேறும் என்று முன்கூட்டியே வியர்க்கிறது. வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைவதால் குமட்டல், வயிற்றைப் பிசைவது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லாரி இல்லாமலே இத்தனையும் நடந்துவிடுவதுதான் பேனிக் அட்டாக்.

இதில் மூச்சு செய்யும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆளைப் பயமுறுத்தும் அறிகுறிகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. ஓடாமல் உட்கார்ந்த இடத்திலேயே வேகமாக மூச்சுவிட்டால், உடம்பில் உருவாவதைவிட அதிகமாகக் கரியமில வாயு வெளியேறிவிடும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும். கரியமில வாயு குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால் தலை கிறுகிறுப்பு, பார்வை மங்கல், சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாத மாதிரி ஓர் உணர்வு. காரத்தன்மை கூடும்போது ரத்தத்தில் கட்டற்று இருக்கும் கால்சியம் குறைவதால் நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது, சிலருக்கு விரல்கள் இழுத்துக்கொள்வது எல்லாம் அதனால்தான்.

இதில் ஒரு விநோதம் உண்டு. "காற்றே போதவில்லை" என்று தவிக்கும் அந்த நேரத்தில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு கச்சிதமாக இருக்கும். தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டே மூச்சு போதவில்லை என்று உணர்வது எப்படி? இந்தக் கேள்விதான் ஆய்வாளர்களைப் பீதி நோயின் மூலத்துக்குக் கொஞ்சம் அருகில் கொண்டுபோனது.

மூச்சுத் திணறலின் மணி

1967-இல் பிட்ஸ், மெக்லூர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கடுமையாக உழைக்கும் தசைகளில் உருவாகும் லாக்டேட்டை, இத்தகைய பதற்றம் உள்ளவர்களின் ரத்தத்தில் ஏற்றினார்கள். பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே அட்டாக் வந்தது. நோய் இல்லாதவர்களுக்கு அப்படிப் பெரிதாக எதுவும் ஆகவில்லை. எந்தச் சோகக் கதையும் சொல்லவில்லை, எந்தப் பழைய நினைவையும் கிளறவில்லை. ஒரு திரவம் மட்டுமே போதுமாக இருந்தது.

அப்புறம் கரியமில வாயு. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் அது வெறும் 0.04 சதவீதம். ஆய்வகங்களில் 35 சதவீதம் கரியமில வாயுவும் 65 சதவீதம் ஆக்சிஜனும் கலந்து, ஒரே ஒரு முறை ஆழமாக இழுக்கச் சொல்வார்கள். ஆக்சிஜன் வழக்கத்தைவிட மூன்று மடங்கு இருக்கிறது, ஆனால் ஆளுக்கு மூச்சு அடைக்கிறது. காரணம், மூச்சை முறைப்படுத்தும் மூளைத்தண்டு முக்கியமாகக் கணக்கெடுப்பது கரியமில வாயுவையும் அது உண்டாக்கும் அமிலத்தன்மையையும்தான். மூச்சை அடக்கிப் பார்த்தால், "இனி முடியாது" என்று முதலில் முட்டித்தள்ளுவதும் அதுவே. அந்த ஒற்றை மூச்சில் ஆரோக்கியமானவர்களுக்குச் சில நொடி அசௌகரியம். பீதி நோய் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு, "அதே அட்டாக்தான்" என்று அவர்களே அடையாளம் சொல்லும்படியான ஒன்று.

இதை வைத்து டொனால்ட் க்ளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1993-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மூச்சுத் திணறலைக் கண்டுபிடிக்க மூளையில் ஓர் எச்சரிக்கை மணி இருக்கிறது, பீதி நோய் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் கரியமில வாயு கூடினாலே அலறிவிடுகிறது என்பது அவர் வாதம். ஓர் அரிய பிறவிக் குறைபாட்டையும் அவர் துணைக்கு அழைத்தார். அந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கரியமில வாயு ஏறினாலும் மூச்சு முட்டும் உணர்வு வராது. தூங்கும்போது கருவியின் உதவி இல்லாமல் மூச்சே விட முடியாத அளவுக்கு அந்த மணி ஊமையாகிவிட்ட நிலை அது.

க்ளைனின் கருத்து எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதில்லை. மூச்சுத் திணறல் முன்னால் நிற்காத அட்டாக்குகளும் உண்டு. இருந்தாலும், இந்த நோய் பற்றிச் சொல்லப்பட்ட விளக்கங்களிலேயே என்னைக் கவர்ந்தது இதுதான். ஆஸ்துமா உள்ளவர்களிடமும் புகைபிடிப்பவர்களிடமும் பீதி நோய் ஏன் அதிகம் காணப்படுகிறது என்பதற்கும் இது ஒரு கைகாட்டி.

பயமே தெரியாத பெண்

பயம் என்றால் அமிக்டலா என்று பள்ளிப் புத்தகம் வரை சொல்லிவிட்டார்கள். அப்படியானால் அமிக்டலாவே இல்லாதவருக்குப் பேனிக் அட்டாக் வருமா?

எஸ்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் ஆய்வுலகம் அறிந்த ஒரு பெண் இருக்கிறார். ஓர் அரிய மரபு நோயால் அவருடைய மூளையின் இரு பக்க அமிக்டலாவும் சிதைந்துவிட்டன. பாம்பைக் கையில் கொடுத்தால் ஆர்வமாகத் தடவிப் பார்ப்பார். பேய் வீட்டுக்குக் கூட்டிப்போனால் சிரித்துக்கொண்டே முன்னால் நடப்பார். அவரையும், அதே குறைபாடுள்ள இரட்டைச் சகோதரிகள் இருவரையும் ஆய்வாளர்கள் அந்த 35 சதவீதக் கரியமில வாயுவை இழுக்க வைத்தார்கள். இவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதே எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. மூன்று பேருக்குமே பேனிக் அட்டாக் வந்தது. எஸ்.எம். முகமூடியைக் கழற்றச் சொல்லிக் கையை ஆட்டித் தவித்தார். அமிக்டலா நன்றாக இருந்த 12 பேரை ஒப்பீட்டுக்காக இதே சோதனைக்கு உட்படுத்தியதில் 3 பேருக்குத்தான் அட்டாக் வந்தது. 2013-இல் இது வெளியானது.

அப்படியென்றால் உடம்பின் உள்ளேயிருந்து வரும் பீதிக்கு அமிக்டலா கட்டாயமில்லை. மூளைத்தண்டும், அதை ஒட்டிய நடுமூளைப் பகுதிகளும் போதும். ஆனால் அந்தச் சோதனையில் இன்னொரு சின்ன விவரம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மற்றவர்களுக்கு வாயுவை இழுப்பதற்கு முன்பே, "என்ன ஆகுமோ" என்ற எதிர்பார்ப்பில் உடம்பு பரபரத்தது. அமிக்டலா இல்லாதவர்களுக்கு அந்த முன்பதற்றம் இல்லை. அட்டாக் வேறு, அதற்காகக் காத்திருக்கும் பயம் வேறு என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அந்தப் பிளவு இங்கே ஆய்வகத்திலேயே பச்சையாகத் தெரிகிறது.

க்ளைன் இதே பிளவை மருந்து வழியாக முன்பே கண்டிருந்தார். 1960-களின் தொடக்கத்தில் அவரும் சக மருத்துவர்களும் இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கடும் பதற்றம் உள்ள நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்துக் கேட்டால், பெரிய முன்னேற்றமில்லை என்றே நோயாளிகள் சொன்னார்கள். வித்தியாசத்தைக் கவனித்தது வார்டில் இருந்த செவிலியர்கள். "செத்துக்கொண்டிருக்கிறேன்" என்று தினமும் செவிலியர் மேசைக்கு ஓடி வந்தவர்கள் ஓடி வருவதை நிறுத்தியிருந்தார்கள். அட்டாக் நின்றுவிட்டது, ஆனால் வருமோ என்ற பயம் அப்படியே இருந்தது. மருந்து ஒன்றைத் தொட்டது, மற்றதைத் தொடவில்லை. பொதுவான பதற்றத்திலிருந்து பிரித்து, 1980-இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் பீதி நோய்க்குத் தனி இடம் கொடுத்ததில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிய பங்குண்டு.

வேதிப்பொருள்கள்

நரம்பணுக்கள் தங்களுக்குள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று செரோட்டோனின். "அது குறைந்துவிட்டது, அதனால்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டால் காய்ச்சல் குறைகிறது என்பதற்காக, உடம்பில் அந்த மாத்திரை குறைந்ததால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. மூளைத்தண்டில் தப்பி ஓடும் துடிப்பைக் கிளப்பும் பகுதிகளைச் செரோட்டோனின் அடக்கிவைக்கிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. செரோட்டோனினைத் தங்கவைக்கும் மருந்துகள் வேலை செய்வதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். பீதி நோய் உள்ளவர்களின் மூளையில் செரோட்டோனின் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒருவகை குறைவாக இருப்பதைப் படமெடுத்தும் பார்த்திருக்கிறார்கள்.

மூளையை உஷார்படுத்தும் நார்-அட்ரினலின் என்ற வேதிப்பொருளின் கதை இன்னும் நேரடியானது. அதை மூளை முழுக்க அனுப்புவது லோகஸ் செருலியஸ் என்ற, மூளைத்தண்டில் இருக்கும் சின்னஞ்சிறு நரம்பணுக் கூட்டம். அதன் வேகத்தைக் கூட்டும் யோஹிம்பின் என்ற பொருளைக் கொடுத்தால் பீதி நோயாளிகள் பலருக்கு அட்டாக் வருகிறது. காபா இதற்கு நேர் எதிர், நரம்பணுக்களை அமைதிப்படுத்துவது. பென்சோடயசெபின் வகை மாத்திரைகள் சட்டென்று ஆற்றுவது காபாவின் வேலைக்குக் கை கொடுப்பதால்தான்.

காபி குடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கலாம். மூளையைச் சாந்தமாக்கும் அடினோசின் என்ற பொருளை வேலை செய்யவிடாமல் காஃபின் தடுக்கிறது. 400 மில்லிகிராமுக்கு மேல், அதாவது பல கப் காபிக்குச் சமமான அளவை ஒரே மூச்சில் கொடுத்த ஆய்வுகளில், பீதி நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அட்டாக் வந்தது. நோய் இல்லாதவர்களுக்கு மிக அரிதாகவே வந்தது.

குடும்பத்தில் வருமா?

வரும், ஆனால் பலர் பயப்படுகிற விதத்தில் இல்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. இரட்டையர் ஆய்வுகளின்படி மரபின் பங்கு சுமார் 40 சதவீதம். அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 40 சதவீத வாய்ப்பு என்று இதைப் படித்துவிடக் கூடாது. ஒரு மக்கள் கூட்டத்தில் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற வேறுபாட்டில் ஏறக்குறைய அத்தனை பங்கை மரபணுக்கள் விளக்குகின்றன, மீதியை வாழ்க்கை விளக்குகிறது என்பதுதான் பொருள். பீதி நோய்க்கென்று ஒற்றை மரபணு கிடையாது. சின்னச் சின்னப் பங்களிக்கும் மரபணுக்கள் பல. சிறுவயதுப் பிரிவுகள், இழப்புகள், வன்முறை ஆகியவை அதே எச்சரிக்கை அமைப்பை இன்னும் கூர்மையாக்குகின்றன.

சும்மா இருக்கும்போதே ஏன்?

"பிரச்சினை ஏதும் இல்லை, டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், வந்துவிட்டது" என்பது பலரும் சொல்வது. தூக்கத்திலிருந்து தூக்கிவாரிப் போட்டு எழுப்பும் அட்டாக்குகளும் உண்டு. கனவு காணும் உறக்கத்தில் அவை வருவதில்லை, ஆழ்ந்த உறக்கத்துக்குள் இறங்கும் கட்டத்தில்தான் பெரும்பாலும் வருகின்றன. அதனால் கெட்ட கனவு மேல் பழி போட முடியாது.

2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பீதி நோய் உள்ள 43 பேரின் உடலில் கருவிகளைப் பொருத்தி நாள் முழுக்க மூச்சையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்தார்கள். "திடீரென்று வந்தது" என்று அவர்கள் சொன்ன அட்டாக்குகளைப் பின்னோக்கிப் பார்த்தால், முக்கால் மணி நேரத்துக்கு முன்பிருந்தே மூச்சிலும் துடிப்பிலும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் தெரிந்தன. ஆளுக்குத்தான் தெரியவில்லை, உடம்பு முன்பே தள்ளாடத் தொடங்கிவிட்டது.

இங்கே மனசும் உள்ளே வருகிறது, உடம்பின் வழியாகவே. இதயத் துடிப்பு, மூச்சு போன்ற உள்சேதிகளைப் படிக்கும் மூளைப் பகுதிக்கு இன்சுலா என்று பெயர். பீதி நோய் உள்ளவர்கள் இந்தச் சேதிகளை விடாமல் காதுகொடுத்துக் கேட்கிறார்கள், கேட்டதை மோசமாகவே அர்த்தப்படுத்துகிறார்கள். 1988-இல் வெளியான ஒரு பரிசோதனையில், "இது உங்கள் துடிப்பு" என்று சொல்லி வேகமாகிக்கொண்டே போகும் ஒரு பொய்யான ஒலியைக் கேட்க வைத்தார்கள். அதை நம்பிய நோயாளிகளுக்குப் பதற்றம் ஏறியது, நிஜமான துடிப்பும் கூடியது. படியேறினால் வரும் படபடப்பு, சூடான அறையில் வரும் கிறுகிறுப்பு என்று ஒவ்வொன்றும் முந்தைய அட்டாக்கோடு மூளையில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அப்புறம் படியேறினாலே போதும்.

சிகிச்சைகளில் ஒன்று இந்த முடிச்சைத்தான் குறிவைக்கிறது. பயிற்சி பெற்ற மனநல சிகிச்சையாளர் முன்னிலையில், சுழலும் நாற்காலியில் சுற்றவைப்பார்கள், மெல்லிய உறிஞ்சுகுழாய் வழியாக மூச்சு விடச்சொல்வார்கள், படியில் ஓடவிடுவார்கள். அறிகுறி வேண்டுமென்றே வரவழைக்கப்படுகிறது, எதிர்பார்த்த மரணம் வரவில்லை. மறுபடி மறுபடி செய்யும்போது நெற்றிப்பகுதி மூளை புதுப் பாடம் ஒன்றைக் கற்று, பழைய எச்சரிக்கையை அமுக்கத் தொடங்குகிறது. இன்னொரு பக்கம் செரோட்டோனின் மருந்துகள். அவை பலன் கொடுக்கச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்தில் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யலாம். இதைத் தெரியாமல் பலர் நாலாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பென்சோடயசெபின்கள் விரைவாக ஆற்றும், ஆனால் பழகிவிடும். பல வாரங்கள் சாப்பிட்டுவிட்டுத் தானாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

முதல் தடவை இப்படி வரும்போது பரிசோதனை அவசியம், அதில் சோம்பல் வேண்டாம். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இதயத் துடிப்புச் சீர்கேடு, ஆஸ்துமா, சர்க்கரை தாழ்வது, மது விட்ட நாட்களின் நடுக்கம், அரிதாக அட்ரினல் சுரப்பிக் கட்டி என்று பீதி வேஷம் போட்டு வரும் நோய்கள் பல. மூச்சு வாங்கும்போது காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியத்தை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. பீதி என்று நினைத்தது நிஜமான மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்துவிட்டால், அந்தப் பைக்குள் ஆக்சிஜன் குறைந்து நிலைமை மோசமாகிவிடும்.